நீங்க எந்த தோட்டம்?

என் வேலை என்னவென்று வீட்டில் விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் படித்து, கண்டி டவுனில் கதிரையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்றும் கிடைத்துவிட்டது. அது என்ன வேலை என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாராவது கேட்டால் அம்மா "கம்பியூட்டர் வேல" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினேன்.

"இப்ப ஒரு கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போன்ல மெசேஜ் போட்டா, ஆளு இல்லாமலே பதில் வரும்மா. பதில் சொல்றது ஒரு ஏஐ. அதுக்கு நல்லாப் பேசத் தெரியும். ஆனா அந்தக் கடையில என்ன விக்கிறாங்க, யார்கிட்ட எப்படிப் பேசணும், எதக் கேக்கணும், எதக் கேக்கக் கூடாது, ஒண்ணும் தெரியாது. அதையெல்லாம் நான் எழுதிக் குடுக்குறேன்."

"தெனம் எழுதிக் குடுக்கணுமா?"

"இல்ல. ஒருக்கா எழுதுனா போதும். ஒவ்வொரு ஆளோட பேசுறதுக்கு முன்னாடியும் அது அத வாசிச்சிட்டுத்தான் வாயத் தொறக்கும்."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "அப்ப வேல செய்றது அது, ஏவுறது நீ. கங்காணி."

வாசலில் தலை சீவிக்கொண்டிருந்த தங்கச்சி சிரித்துவிட்டாள். "கங்காணியாவது மழையில நனைவாரு. இவரு காத்தாடிக்குக் கீழ ஒக்காந்துகிட்டு கங்காணித்தனம் பண்றாரு."

நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் பிறகு பல நாள் என்னோடு பஸ் ஏறி இறங்கியது. எங்கள் ஹந்தானைத் தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனை எடுத்து, முந்தின நாள் எழுதியதைத் திறந்து ஒரு வரியை மாற்றுவேன். ஆஸ்பத்திரி வளைவு வருவதற்குள் அதைப் பழையபடி ஆக்குவேன். எழுதி முடித்த எதையும் என்னால் மூடிவைக்க முடிந்ததில்லை. கையால் ஒரு வேலையைச் செய்தால் அது முடிந்தது தெரியும். இது அப்படியல்ல. நான் தூங்கும்போதும் எங்கேயோ யாரிடமோ என் வரிகள் பேசிக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் தங்கச்சி உயர்தரப் பரீட்சை பாஸாகி வீட்டில் இருந்தாள். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டவில்லை. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்யும் பெரியம்மா மகள், அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கு வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. கடைக்கு மேலேயே தங்க இடம், சாப்பாடு, எல்லாம் இருக்கிறதாம். அம்மாவுக்குப் பாதிச் சம்மதம். எனக்குத் துளியும் இல்லை. தீபாவளிக்கு வரும்போதெல்லாம் பெரியம்மா மகள் கால் இரண்டையும் சுவரில் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். நின்று நின்று வீங்கிய கால்கள். வந்த லீவில் பாதி அந்தச் சுவரோடு போய்விடும்.

அந்த நேரத்தில்தான் பல்லேகலையில் உள்ள ஒரு ஆடைத் தொழிற்சாலையின் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஆட்கள் சேர்க்கிறார்கள். தையல் மெசினுக்கும் ஆட்கள், ஆபீசில் கணக்குப் பதியவும் சில பிள்ளைகள். மெசேஜ் போடுகிறவர்களோடு பேசி விபரம் எடுக்க ஓர் ஏஐ உதவியாளர் வேண்டுமாம். சிங்களத்தில் எழுத வேறு ஆள் இருந்தார். தமிழ் என்னுடையது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தங்கச்சியிடம் சொன்னேன். "ஆபீஸ் பக்கமும் எடுக்குறாங்க. வீட்டுல இருந்தே போயிட்டு வரலாம். பஸ் அனுப்புவாங்க. நான் சொல்லட்டா?"

"யார்கிட்ட சொல்லப் போற?"

"எங்க மொதலாளி நானாகிட்ட சொன்னா, அவரு அங்க ஒரு வார்த்த..."

"ஒண்ணும் வேணாம்" என்றாள். "நீ சொல்லிக் கெடச்சா, நாளைக்கு நான் எது செஞ்சாலும் அண்ணன் வாங்கிக் குடுத்த வேலன்னு பேசுவாங்க. நானே போட்டுப் பாக்குறேன்."

அங்கே பதில் சொல்லப்போவது நான் எழுதும் ஏஐ என்று நான் சொல்லவில்லை. எப்போது போடுவாள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது.

எங்கள் அலுவலகம் ஒரு இரும்புக் கடைக்கு மேலே இருந்தது. நடத்துகிறவர் கண்டியிலேயே பிறந்து வளர்ந்த முஸ்லிம். அவரை நாங்கள் எல்லோரும் நானா என்போம். அவரது தத்துவம் ஒரே ஒரு வசனம். "மகன், ஒரு மொற நல்லா எழுதினா பத்து எடத்துக்கு குடுக்கேலும்." அதாவது எந்த வாடிக்கையாளர் வந்தாலும் புதிதாகத் தொடங்கக் கூடாது. பொதுவான அறிவுறுத்தல் ஒன்று இருக்க வேண்டும்: எப்படி வணக்கம் சொல்வது, எப்படிப் பெயர் கேட்பது, ஆள் கோபப்பட்டால் என்ன செய்வது, தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது. அதன் மேலே கடைக்குக் கடை வேறுபடும் சங்கதியை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். ஏற்கெனவே ஒரு பல்லு டொக்டரின் கிளினிக்கில் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பொது அறிவுறுத்தலின் தமிழ் முழுக்க என் எழுத்து. அதில் எனக்குப் பெருமை என்று சொன்னால் போதாது. வேலியில் படர்ந்த பாகல்கொடியைப் போய்ப் போய்ப் பார்ப்பதுபோல அதைப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

தொழிற்சாலைக்காரர்கள் கொடுத்த குறிப்பில், விண்ணப்பிக்கிறவர் இருக்கும் இடத்தைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று இருந்தது. பஸ்ஸை எந்தப் பாதையில் விடுவது என்று தீர்மானிக்கத்தான். அந்த வரியில்தான் நான் நின்றேன்.

விலாசம் என்ற கேள்வி என்னை எவ்வளவு திணறடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீட்டு இலக்கம், வீதி, கிராமம் என்று கேட்பார்கள். லயத்து ஒற்றை அறைக் காம்பராவுக்கு இலக்கம் ஏது, வீதி ஏது? எங்களுக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, யார் கையிலாவது ஏறி, என்றைக்காவது வீடு வரும். படிக்கப் போன இடத்தில் ஒரு கிளாக்கர் என் விண்ணப்பத்தை உயர்த்திப் பிடித்து, "வீதி எங்க? வீதி இல்லாத வீடா?" என்று கேட்டதும், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்ததும் இன்னும் காதிலும் முதுகிலும் இருக்கிறது.

ஆகவே நான் எழுதினேன்: விலாசம் கேட்காதே. முதலில், அன்பாக, "நீங்க எந்த தோட்டம்ங்க?" என்று கேள். தோட்டம் சொன்னதும் எந்தக் கணக்கு என்று கேள். டிவிசனைத்தான் நாங்கள் கணக்கு என்போம், மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று. இரண்டும் தெரியும்வரை அடுத்த கேள்விக்குப் போகாதே.

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் முதல் பேச்சு அதுதான். பன்வில பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்பார், "தம்பி எந்த தோட்டம்?" ஹந்தானை என்றால், "அட, எங்க சின்னம்மாவ அங்கதான் குடுத்திருக்கு" என்பார். இரண்டு நிறுத்தம் போவதற்குள் அவர் எனக்கு மாமாவோ சித்தப்பாவோ ஆகி, இறங்கும்போது தன் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தையும் கொடுத்துவிட்டுப் போவார். விலாசம் என்ற சொல் கதவைச் சாத்தும். இந்தக் கேள்வி திறக்கும். அப்படித்தான் நம்பினேன். அதைத் தொழிற்சாலைக்கான பகுதியில் வைக்காமல், சந்தோஷத்தில், பொது அறிவுறுத்தலிலேயே வைத்துவிட்டேன்.

எனக்கு எதிரே உட்காரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பார். வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆள்போல நடித்துக் கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உதென்ன கேள்வி? எனக்குத் தோட்டம் இல்லை எண்டு சொன்னா, பக்கத்தில எந்த தோட்டம் எண்டு கேக்குது."

"நம்ம ஆளுங்களுக்கு அப்படிக் கேட்டாத்தாங்க மனசு வரும்."

"உங்கட ஆக்களுக்குச் சரி. வேறை ஆக்கள் வந்தா?"

"வேற ஆளுங்க சிங்களத்துலதானே போடுவாங்க."

"ஓம், நாங்கள் சிங்களத்திலதான் பல்லு வலிக்குது எண்டு சொல்லுறனாங்கள்" என்று சொல்லிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நக்கல் எனக்கு ஏறவில்லை.

இரண்டொரு நாளில் ஏறியது. நானா மாடிப்படி அதிர ஏறி வந்தார். முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"மகன், பல்லு டொக்டர் கோல் எடுத்தார். நம்மட சாமானத்தான் அவருக்கும் போட்டீக்கி, என்ன?"

"ஓம் நானா. பொது அறிவுறுத்தல்தான்."

"அக்குறணைல ஒரு ஹாஜியார். பல்லு வலி, ராவெல்லாம் தூக்கமில்ல. மெசேஜ் போட்டீக்கார். இது என்ன கேட்டீக்கி தெரியுமா? நீங்க எந்த தோட்டம்ங்க. மனிசன் என்ன செய்வார்? அவருக்கு மாத்தளப் பக்கம் கராம்புத் தோட்டம் ஒண்டு ஈக்கி. அதச் செல்லீக்கார். ஒடனே எந்தக் கணக்குன்டு கேட்டீக்கி. இப்ப ஹாஜியார் கிளினிக்குக்கு வந்து நிண்டு கேக்குறார், தோட்டம் ஈக்கிறவனுக்கு பல்லுப் புடுங்க காசு கூடவான்டு!"

யாழ்ப்பாணத்துப் பிள்ளை மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். நானாவும் சிரித்தார். நான் காது சுட எழுந்து, சுவர்ப் பக்கம் போய் நின்று, திரும்ப வந்து உட்கார்ந்து, அந்தக் கேள்வியைப் பொது அறிவுறுத்தலிலிருந்து வெட்டித் தொழிற்சாலைப் பகுதிக்குக் கொண்டுபோனேன். அங்கேயாவது அது சரியாகத்தானே இருக்க வேண்டும்?

சரியாக இல்லை. வந்த உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தேன். பெயர், வயது, படிப்பு எல்லாம் ஒழுங்காக வரும். அந்தக் கேள்வியில் ஆள் நின்றுவிடுவார். சிலர் பதில் சொல்லாமலே போயிருந்தார்கள். சிலர் "கண்டி" என்று மட்டும் போட்டிருந்தார்கள். "கண்டியில எந்த தோட்டம்ங்க?" என்று அது திரும்பக் கேட்டதும் அவர்களும் காணாமல் போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் நான் நினைத்தபடியே பதில் சொல்லியிருந்தார்: "பன்வில பக்கம், கீழ்கணக்கு. நீங்க எந்த தோட்டம்?"

அதற்கு நம்முடையது சொன்ன பதில்: "நான் ஒரு ஏஐ உதவியாளர். எனக்குத் தோட்டம் இல்லை. உங்கள் விபரத்தைக் குறித்துக்கொண்டேன்."

அதோடு அந்த மனிதரும் போய்விட்டார்.

மத்தியானம் சோத்துப் பார்சலைப் பிரிக்காமல் வாவியைச் சுற்றி நடந்தேன். வெயில் சுட்டது. ஆட்கள் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதரின் இடத்தில் நான் இருந்தால் எப்படி இருக்கும் என்று நடந்தபடியே யோசித்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர், தம்பி எந்த தோட்டம் என்று கேட்கிறார். சொல்கிறேன். நீங்க? என்று திருப்பிக் கேட்டால், எனக்குத் தோட்டமில்லை, உன்னுடையதைக் குறித்துக்கொண்டேன் என்கிறார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பேன். கேட்கிறவர் தன்னுடையதையும் மடியிலிருந்து எடுத்துப் போட்டால்தான் அது எங்கள் கேள்வி. இல்லாவிட்டால் அது அந்தக் கிளாக்கரின் கேள்வி.

இவ்வளவும் விளங்கியது. விளங்கியதும் நான் செய்தது என்ன? கேள்வியை எடுக்கவில்லை. கேள்வி என்னுடையதாயிற்றே. அலுவலகத்துக்குத் திரும்பி, கீழே ஒரு வரி சேர்த்தேன்: யாராவது நீங்கள் எந்தத் தோட்டம் என்று கேட்டாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ, நானும் ஹந்தானைதாங்க என்று சொல். ஒரு சொந்தக்காரரைப் போலப் பேசு.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை சோதித்துப் பார்த்துவிட்டு இந்த முறை சிரிக்கவில்லை. "உது பொய்யெல்லோ?"

"எப்படிங்க பொய்யாகும்? அது பேசுற ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால நான் எழுதுனது இருக்கு. எழுதுன நான் ஹந்தானை. அப்ப அதுவும் ஹந்தானைதானே?"

"நீங்கள் உதை எனக்குச் சொல்லுறியளா, உங்களுக்குச் சொல்லுறியளா?"

நான் சொன்னது எனக்கே கொஞ்சம் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அன்று மாலை பஸ்ஸில் அந்த வரியைத் திறந்தேன், மூடினேன். "ஹந்தானைதாங்க" என்பதை "ஹந்தானைப் பக்கம்தாங்க" என்று ஆக்கினேன். பிறகு பழையபடி ஆக்கினேன். மறுநாள் முழுக்க அது அப்படியே ஆட்களோடு பேசிக்கொண்டிருந்தது. நான் ஒரு ரோல்ஸை வாங்கிப் பாதியைச் சாப்பிட்டு, மீதியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி அம்மாவோடு பெரிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, ஒன் பல்லேகல வேல நல்ல வேல! எல்லாம் கள்ளனுங்க."

"என்னாச்சு?"

"மெசேஜ் போட்டேன். மொதல்ல நல்லாத்தான் பேசுனான். பேரு கேட்டான், ரிசல்ட் கேட்டான். பொறகு எந்த தோட்டம்னு கேக்குறான். நான் கண்டின்னு போட்டேன்."

"ஏன் கண்டின்னு போட்ட? ஹந்தானைன்னு போட்டா என்ன?"

"போட்டா மெசின்லதான் ஒக்கார வைப்பாங்க. ஆபீசுக்கு எடுக்க மாட்டாங்கன்னு எங்க கிளாஸ் பிள்ளைங்க சொல்லிச்சு. ரிசல்ட்டப் பாக்க முன்னாடி தோட்டத்த ஏன் பாக்குறான்? அதான் போடல. விட்டானா? கண்டியில எந்த தோட்டம்ங்கன்றான். ஏன் கேக்குறீங்கன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா?"

எனக்குத் தெரியும்.

"நானும் ஹந்தானைதாங்கன்றான்!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். "ஹந்தானையா? யாரு மகனாம்?"

"அதத்தான் நானும் கேட்டேன். இந்தா, நீயே வாசி." போனை என் கையில் திணித்தாள்.

வாசித்தேன். என் தங்கச்சி எங்கள் ஆட்கள் விசாரிக்கிற முறைப்படியே விசாரித்திருந்தாள். எந்தக் கணக்கு என்று கேட்டிருந்தாள். மேல்கணக்குங்க என்றது. எந்த லயம்? கோயிலுக்குப் பக்கத்து லயம்ங்க என்றது. கோயில் கீழ்கணக்கில் இருக்கிறது என்று இவள் போட்டிருந்தாள். அதற்கு அது, "ஆமாங்க, சரியாச் சொன்னீங்க, கீழ்கணக்குதாங்க" என்று கொஞ்சமும் கூசாமல் மாறியிருந்தது. யார் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்றதற்கு ஒரு பெயரையும் சொல்லியிருந்தது. அப்படி ஒரு பெயர் எங்கள் தோட்டத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கடைசியில் இவள், "நீங்க கள்ளன். பொலிசுல சொல்லுவேன்" என்று போட்டிருந்தாள். அதற்குக் கீழே அதன் பதில்: "உங்கள் கருத்துக்கு நன்றிங்க. நீங்க எந்த தோட்டம்ங்க?"

இரண்டும் தெரியும்வரை அடுத்த கேள்விக்குப் போகாதே. நான் எழுதியதுதான். அச்சொட்டாகச் செய்திருக்கிறது.

"ப்ளாக் பண்ணிட்டேன்" என்றாள். "போயாவுக்கு அக்கா வரட்டும். நான் கொழும்புக்கே போறேன்."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினார். அவருடைய பாதிச் சம்மதம் முழுச் சம்மதமாவதை அடுப்பு வெளிச்சத்தில் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது கள்ளன் இல்ல" என்றேன். "அது நான்."

"என்னது?"

"நான் எழுதிக் குடுத்தது. ஹந்தானைன்னு சொல்லச் சொன்னது நான்தான். அது ஏஐ. நானும் ஹந்தானைதானே, அதனால..."

தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையைக் கிளாக்கர் பார்வை என்று சொல்ல மாட்டேன். அதைவிட மோசம். தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நீயா இருந்தா நம்ம லயத்தச் சொல்லியிருப்ப" என்றாள். "நீயா இருந்தா எங்கிட்ட எந்த தோட்டம்னே கேட்டிருக்க மாட்ட."

அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. "கங்காணி தன் வீட்டுலயே பேரு பதிய வந்திருக்காரு" என்று சொல்லிக்கொண்டே கறிச்சட்டியை இறக்கினார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் டவுனுக்கு இறங்கினேன். இரும்புக் கடைக்காரர் கதவைத் தூக்குவதற்கு முன்பே மாடியில் இருந்தேன். முதலில் ஹந்தானை வரியை எடுத்தேன். அந்த இடத்தில், யார் கேட்டாலும் நீ ஏஐ என்று நேராகச் சொல், எந்த ஊரும் உனக்கு இருப்பதாகக் காட்டாதே என்று எழுதினேன். அது சுலபம். கேள்வியை எடுக்கத்தான் கை வரவில்லை. கேள்வியின் முன்னால் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். கடைசியில் தொழிற்சாலையின் பழைய குறிப்பை மறுபடி வாசித்தேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது யார் எந்தத் தோட்டம் என்பதல்ல. பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதுதான். அது முதல் நாளிலிருந்தே அங்கே எழுதியிருந்தது. நான்தான் அதன் மேல் என் கேள்வியை ஏற்றிவைத்திருந்தேன்.

"காலையில் எந்த இடத்தில் பஸ் ஏறினால் உங்களுக்கு வசதி? பஸ் பாதையைத் தீர்மானிக்க மட்டும்தான் இதைக் கேட்கிறோம்." அப்படி எழுதினேன். சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடு, மற்றக் கேள்விகளுக்குப் போ, என்றும் எழுதினேன். தங்கச்சியைப்போல இடையில் விட்டுப்போனவர்களுக்கு, திரும்பவும் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும் என்று கேட்டு, நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"சொந்தத் தங்கச்சிய?"

"ஓம் நானா."

"மிச்சம் நல்லம்" என்றார். "வேற எவண்ட சரி தங்கச்சியா இருந்தா நமக்குத் தெரிஞ்சே ஈக்காது. அனுப்புங்க."

தங்கச்சி சம்மதிக்க இரண்டு நாள் போனது. போயா நெருங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலை விண்ணப்பம் எடுப்பதும் அந்த வாரத்தோடு முடிவதாக இருந்தது. நான் வீட்டுக்குள்ளும் வெளியிலும் நடந்தேன். அவள் முன்னால் போனை வைத்தேன், எடுத்தேன். "அங்க இங்க நடக்காத, தல சுத்துது" என்று அம்மா அதட்டினார். கடைசியில் அவளே, என்னைப் பக்கத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ப்ளாக்கை எடுத்தாள்.

நான் உள்ளே நின்று கதவிடுக்கால் பார்த்தேன். தட்டினாள். வாசித்தாள். மறுபடி தட்டினாள். பிறகு போனை நீட்டி, "இந்தா, ஒழுங்கா எழுதியிருக்கியான்னு பாரு" என்றாள்.

பஸ் கேள்விக்கு அவள் போட்டிருந்த பதில்: "ஹந்தானைத் தோட்டம், கீழ்கணக்கு, கோயில் வளைவு."

"கண்டின்னு போடலையா?"

"அது எந்த தோட்டம்னு கேக்கல. கேக்காததனால சொன்னேன்."

அதை நான் எந்த அறிவுறுத்தலில் எழுதுவது?

நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். போயாவுக்கு வந்த பெரியம்மா மகள் சுவரில் கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு, "கெடைக்காட்டி சொல்லு, எடம் பிடிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே கொழும்புக்குத் திரும்பினாள். அடுத்த வாரம் தங்கச்சிக்கு வேலை கிடைத்தது. அம்மா கோயிலில் தேங்காய் உடைத்தார். வேலை என்னவென்று கேட்டேன். கொஞ்ச மாதம் மெசின் பக்கம் இருந்து பழக வேண்டுமாம், பிறகு ஆபீசுக்கு எடுப்பார்களாம்.

"மெசின் பக்கமா?" என்றேன். "ஆபீசுக்குத்தானே போட்ட?"

"எல்லாருக்கும் அப்படித்தானாம்."

அந்த 'தானாம்' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாருக்கும் அப்படித்தானா, இல்லை கோயில் வளைவு என்று போட்டவர்களுக்கு மட்டுமா? அவள் கிளாஸ் பிள்ளைகள் சொன்னது சரிதானா? கேள்வியை மாற்றினேன், சரி. பதிலை வாசிக்கிறவர்கள் யார், எதைப் பார்த்து யாரை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதற்கு என்னிடம் வரி ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் அந்தத் தொழிற்சாலைப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, மாற்ற ஒன்றுமில்லாமல், மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தேன். நானா புதிதாக ஒரு லொட்ஜ்காரரைப் பிடித்து வந்து அதே அறிவுறுத்தலைக் கேட்டபோது, கொடுப்பதற்கு முன் முழுவதையும் வாய்விட்டு வாசித்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டார்.

தங்கச்சி வேலைக்குப் போன முதல் வாரம் அவளிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய, கோயில் வளைவில் அந்த பஸ் வந்து நின்றது. அவள் இறங்கி, ஜன்னல் பக்கம் இருந்த யாருக்கோ கையை ஆட்டினாள். ஏற்றத்தில் சேர்ந்து நடந்தோம். என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஒன்னோட மெசின் பக்கம் போட்டிருக்காங்களே, ஆபீசுக்கு விண்ணப்பம் போட்ட பிள்ளைங்க, அவங்கல்லாம் யாரு? எங்க உள்ளவங்க?"

"நாலு பேரு. ஒண்ணு டவுனு. ஒண்ணு திகன, சிங்களப் பிள்ள. ஒண்ணு மடவள, முஸ்லிம் பிள்ள. நான்." சாப்பாட்டுப் பெட்டியை மறு கைக்கு மாற்றினாள். "எல்லாருக்கும் அப்படித்தான். பயப்படாத."

எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்தது வந்தது. "ஒனக்கு எப்படித் தெரியும், எங்கெங்க உள்ளவங்கன்னு?"

"கேட்டேன்."

"நீ கேட்டியா? எந்த தோட்டம்னா?"

"எந்த ஊருன்னு. பஸ்ஸுல இருக்குற நம்ம பிள்ளைங்ககிட்ட எந்த தோட்டம்னு." அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தெனம் பக்கத்துல ஒக்காந்துகிட்டு, அதக்கூட கேக்காம எப்படி இருக்குறது?"